வண்டிக் கதவில் ஒரு பெயர்

கிளீவ்லாந்து
1985 மார்ச் 11

அன்புள்ள ஒஸ்ஸி அக்காவுக்கு,

இந்த நாலு வரி வந்து சேரும்போது நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நான் எழுந்து நடமாடுகிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? உங்கள் தம்பியின் அடக்கத்துக்கு வந்து அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் நின்றதால் வந்தது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவருடைய பூட்ஸ் இன்னும் பின்வாசலில்தான் கிடக்கிறது. ஏணியிலிருந்து இறங்கி, "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றவர் பிறகு எழுந்திருக்கவேயில்லை என்று அவரோடு வேலை செய்த பர்னெல் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நானும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

போன வாரம் கெல்லர்மன் வந்தார். பாலம், பஸ் ஷெட் என்று நகராட்சியின் பெரிய பெயின்ட் வேலைகளை எடுக்கிற வெள்ளைக்காரர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மிசஸ் பெட்டவே, ஹோசியா பேரு நகராட்சிப் பட்டியல்ல இருக்கு. நடத்த ஆள் இல்லைன்னா கோடைக்குள்ள அடிச்சிடுவாங்க. உங்களுக்கும் அந்தப் பேரு நிக்கணும், எனக்கும் அந்தப் பேரு வேணும். சேர்ந்து செய்வோமே."

விஷயம் இதுதான் அக்கா. நகராட்சி வேலைக்கு டெண்டர் போடுகிறவர் யாரானாலும், ஆள் எடுக்கும்போது நிறம் பார்க்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் ஒரு பங்கை நகராட்சிப் பட்டியலில் உள்ள கறுப்பர் கம்பெனிக்கோ பெண்கள் கம்பெனிக்கோ கொடுக்கவும் வேண்டும். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் உங்கள் தம்பிக்கு ஒரு தீயணைப்பு நிலையத்தின் பெயின்ட் வேலை கிடைத்தது. அதற்கு முன்னால் சர்ச் சுவரும் தெரிந்தவர்கள் வீடும்தான்.

நான் எட்டாவதோடு நின்றவள். பெயின்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சட்டையிலிருந்து அதை எப்படிப் போக்குவது என்பதுதான். நான் என்ன செய்யட்டும்?

உங்கள் தம்பி பெண்சாதி,
வெர்டெல்


டெமொபொலிஸ், அலபாமா
மார்ச் 28

வெர்டெல் பெண்ணுக்கு,

கர்த்தர் கிருபையால் மூச்சு ஓடுகிறது. உனக்கும் அப்படியே ஆகட்டும். முழங்கால் வீங்கியது குளிரால் இல்லை, பாவத்தால் என்கிறார் எங்கள் பாஸ்டர். "எந்தப் பாவம்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த தைலம் தடவறேன்" என்று கேட்டேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீ கல்யாணமாகி வருவதற்கு முன்பு, அங்கே ஆஸ்பத்திரி கட்டும் இடத்தில் ஹோசியா "எங்களுக்கும் வேலை கொடு" என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மழையில் நின்றான். போலீஸ் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வெளியே வந்ததும் எனக்கு எழுதினான்: "அக்கா, ஒருநாள் பெட்டவேங்கற நம்ம அப்பா பேரை வண்டிக் கதவுல எழுதி இந்த ஊர் பூரா ஓட்டுவேன்." அப்பாவின் கல்லறைக்கு மரப்பலகைதான் வைத்தோம். அந்த எழுத்து இரண்டு மழைக்குத் தாங்கவில்லை.

உங்களுக்குப் பிள்ளையும் இல்லை. பேர் ஒன்றுதான் மிச்சம். அதை அடிக்க விடாதே. அந்த வெள்ளைக்காரரோடு சேர்ந்து செய்.

பர்னெலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். வாய்தான் நீளம், வேலையில் சுத்தம்.

உன் அக்கா,
ஒஸ்ஸி மே


கிளீவ்லாந்து
மே 6

அன்புள்ள ஒஸ்ஸி அக்காவுக்கு,

நீங்கள் சுகமா? நான் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆற்றுப் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. கெல்லர்மன் கம்பெனியோடு சேர்ந்து பெட்டவே கம்பெனியும் செய்கிறது. பட்டியலில் உங்கள் தம்பி பேர் அப்படியே இருக்கிறது.

பாலத்துக்குப் பச்சை நிறம். அது அவருக்குப் பிடிக்காது. "தவளைக் கலர்" என்பார்.

கீரை விதை போட்டிருக்கிறேன். இங்கே மண் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

வெர்டெல்


டெமொபொலிஸ்
ஜூன் 2

என் வெர்டெல் பெண்ணுக்கு,

நான் பிழைத்துக் கிடக்கிறேன், நீ நன்றாக இரு. ஒரு சந்தோஷச் செய்தி. நம் பெரியப்பா மகன் ரூஃபஸ் அங்கிருந்து வந்திருந்தான். சர்ச் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, "ஏய் ஒஸ்ஸி, உங்க ஆளுங்க பெரிய ஆளாயிட்டாங்கடி! பாலத்துக்கிட்ட பெட்டவேன்னு பேரு போட்ட வண்டி ஒண்ணுக்கு மூணு நிக்குது!" என்றான். எல்லாரும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லவைத்தேன். பாஸ்டர் பிரசங்கத்திலேயே சேர்த்துவிட்டார். அன்றைக்கு முழங்கால் வலிக்கவேயில்லை.

மூன்று வண்டி என்றால் எத்தனை ஆள்? மேஸ்திரி யார், பர்னெல்தானே? ஹோசியா ஓட்டிய பழைய வண்டியும் அதில் ஒன்றா? அந்தக் கதவில் அவன் தன் கையாலேயே பேர் எழுதினான். முதல் எழுத்து குடிகாரன் மாதிரி சாய்ந்திருக்கும். எல்லாவற்றையும் விவரமாக எழுது.

ஒஸ்ஸி மே


கிளீவ்லாந்து
ஜூன் 30

அன்புள்ள ஒஸ்ஸி அக்காவுக்கு,

உங்கள் சுகம் கேட்டுச் சந்தோஷம். நானும் அப்படியே.

இங்கே வெயில் கொளுத்துகிறது. கீரை நன்றாக வந்தது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். கல்லறைக் கல் கோடைக்கு அப்புறம்தான் வரும் என்கிறார்கள்.

வேலை நடக்கிறது. சர்ச்சில் ரொம்பச் சொல்ல வேண்டாம் அக்கா. கண் படும்.

வெர்டெல்


டெமொபொலிஸ்
ஜூலை 21

வெர்டெல்,

கர்த்தர் என்னை இன்னும் கூப்பிடவில்லை. நீ எப்படியிருக்கிறாய் என்று இந்தத் தடவை உண்மையாகக் கேட்கிறேன்.

நான் மூன்று கேள்வி கேட்டால் நீ கீரையைப் பற்றி எழுதுகிறாய். பர்னெல் பெண்சாதி இந்த ஊர்ப்பெண் என்பது உனக்கு மறந்துபோனதா? அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், புருஷனுக்கு வேலையில்லையாம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். மூன்று வண்டி ஓடுகிற கம்பெனியில் பர்னெலுக்கு இடமில்லையா?

கண் படும் என்று எழுதினாய். யார் கண்?

ஒஸ்ஸி மே


கிளீவ்லாந்து
ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை.

வண்டி நம்முடையது இல்லை. ஆட்கள் நம் ஆட்கள் இல்லை. பெயின்ட், சாரம் எல்லாம் கெல்லர்மனுடையது. மாதம் ஒருமுறை போய் அவர் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. ஒரு கவர் கொடுக்கிறார். அதில்தான் சாப்பிடுகிறேன். உங்கள் தம்பியின் பழைய வண்டியை, "இது நகராட்சி ஆளுங்க கண்ணுல பட்டா அசிங்கம்" என்று இழுத்துக்கொண்டுபோய் உடைக்கப் போட்டுவிட்டார். நான் தலையாட்டினேன். அவர் எழுதிய கதவையாவது கேட்டு வாங்கியிருக்கலாம் என்பது மறுநாள்தான் தோன்றியது.

ரூஃபஸ் அண்ணன் பார்த்தது காந்த போர்டு. ரப்பர் மாதிரி வளையும், பின்பக்கம் காந்தம். காலையில் வண்டிக் கதவில் 'கெல்லர்மன்' என்று எழுதியிருப்பதன் மேலே அப்பிவிடுவார்கள். சாயங்காலம் உரித்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

ஜூன் மாதம் ஒருநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் பஸ் நின்றது. பக்கத்தில் ஒரு வண்டி. கதவில் 'ஹோசியா பெட்டவே' என்று இருந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை அக்கா. ஜன்னலைத் தட்டினேன். "இங்க, இங்க" என்று கூப்பிட்டேன். வண்டி ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன், வாயில் சிகரெட். பச்சை விளக்கு விழுந்ததும் போய்விட்டான். பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

பர்னெலை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அடுத்த தடவையும் "பார்க்கலாம்". பர்னெல் என்னைத் தெருவில் பார்த்தால் தொப்பியைத் தூக்கி, "முதலாளியம்மா, இன்னைக்கு ஆத்துக்கு என்ன கலர் அடிக்கப் போறோம்?" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது நகராட்சியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வரப்போகிறார். கம்பெனியை உண்மையிலேயே நடத்துவது யார் என்று வேலை நடக்கும் இடத்துக்கே வந்து கேட்பாராம். கெல்லர்மன் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்.

"ஆளை யாரு எடுக்கறது?"

"நான்."

"வேலையை விட்டு யாரு நிறுத்தறது?"

"நான்."

"'நான்'னு சொல்லும்போது தரையைப் பார்க்காதீங்கம்மா. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

மாட்டிக்கொண்டால் பட்டியலிலிருந்து அடிப்பதோடு போகாது. ஏமாற்றுக்காரர்கள் பட்டியலில் உங்கள் தம்பி பேரை எழுதுவார்கள். என்னைக் கோர்ட்டுக்கும் இழுக்கலாம். பேரைக் காப்பாற்றப் போய் அதற்கே இப்படிச் செய்துவிட்டேன். அக்கா, நான் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

வெர்டெல்


டெமொபொலிஸ்
செப்டம்பர் 15

வெர்டெலுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இரு.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. படித்தேன். அடுப்பில் போட்டேன். பேனாவை எடுத்தால் கோபம் வந்தது, வைத்துவிட்டேன். கோபம் உன் மேலா, அந்த ஆள் மேலா, செத்துப்போன என் தம்பி மேலா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த மாதம் எங்கள் சர்ச்சின் ஆண்டு விழா. விழா மலரின் முதல் பக்கத்தில், 'இவ்வூர் மைந்தர் ஹோசியா பெட்டவே, கட்டுமானக் கம்பெனி நிறுவனர்' என்று அச்சடித்துவிட்டார்கள். நான் சொல்லித்தான் அடித்தார்கள். நான் அந்த முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தாக வேண்டும்.

அதனால் கேள். அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல். தரையைப் பார்க்காதே. வெள்ளைக்காரர்கள் இத்தனை காலம் எத்தனை பேரில் எத்தனை பொய் எழுதினார்கள், அவர்களை எந்த ஆய்வாளர் வந்து கேட்டார்? பிடித்துக்கொள், வெர்டெல். விட்டுவிடாதே. அவனுடையது என்று சொல்ல வேறென்ன இருக்கிறது நம்மிடம்?

ஒஸ்ஸி மே


கிளீவ்லாந்து
அக்டோபர் 9

அன்புள்ள ஒஸ்ஸி அக்காவுக்கு,

உங்கள் முழங்காலும் மனதும் சுகமாக இருக்க வேண்டும். நான் நேற்று ராத்திரி தூங்கினேன். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஆய்வாளர் வந்து போய்விட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அதற்கு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

காலையில் கெல்லர்மனே காரில் வந்து என்னைக் கூட்டிப்போனார். பாலத்துக்குக் கீழே, ஆற்றோரம். மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கே பர்னெல் நிற்கிறார்! அவரோடு இன்னும் நாலு கறுப்பர்கள். அன்று ஒரு நாளுக்கு மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் கடையிலிருந்து பிரித்த மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பு.

"என்ன பர்னெல் இது?" என்றேன்.

"எனக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறாங்க முதலாளியம்மா. ஆறு பக்கத்துலயே இருக்கு" என்றார்.

வண்டியும் புதிது. மற்ற வண்டிகளில் போர்டுக்குக் கீழே கெல்லர்மன் என்ற எழுத்து இருக்கிறதல்லவா, ஆய்வாளர் தூக்கிப் பார்த்தால்? அதற்காக எழுத்தே இல்லாத வண்டி ஒன்று வாங்கியிருந்தார். ரொட்டிக்காரர்கள் ஓட்டுவார்களே, அந்த மாதிரி பெட்டி வண்டி. பளபளவென்று நின்றது. மற்றவற்றையெல்லாம் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஒருவன் போர்டை எடுத்துக் கதவில் வைத்தான். சறுக்கி விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

"என்னடா, காந்தம் செத்துப்போச்சா?" என்று கத்தினார் கெல்லர்மன்.

"காந்தம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் பர்னெல். "வண்டி அலுமினியம். இரும்புல மட்டும்தான் ஒட்டும். அதுக்கும் ஒரு ரோஷம் இருக்குல்ல?"

டேப் ஒட்டிப் பார்த்தார்கள். ஈரத்தில் நிற்கவில்லை. அதற்குள் மேட்டிலிருந்து நகராட்சிக் கார் இறங்கி வருவது தெரிந்தது. கெல்லர்மன் என் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் நிறுத்தினார். என் வலது கையை எடுத்து போர்டின் மேல்ஓரத்தில் வைத்தார்.

"சும்மா வண்டியில கை ஊனி நிக்கற மாதிரி நில்லுங்க. முதலாளி நிக்கற மாதிரி. என்ன ஆனாலும் கையை மட்டும் எடுக்காதீங்க."

நின்றேன் அக்கா. என் உள்ளங்கைக்குக் கீழே அவர் பேர். நீங்கள் எழுதியது மாதிரி பிடித்துக்கொண்டேன்.

ஆய்வாளர் நம் ஆள்தான். லோவரி என்று பேர். என் வயசுக்கு மகன் மாதிரி. குடை கூட இல்லை. கேட்டார். ஆளை எடுப்பது நான் என்றேன். நிறுத்துவது நான் என்றேன். தரையைப் பார்க்கவில்லை. கை மரத்துப்போய் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. கெல்லர்மன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேள்வி முடிந்தது. அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது தொப்பியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்காரர் தவறிப்போனதை ஆபீஸ்ல சொன்னாங்கம்மா. நான் வந்து பார்த்திருக்கணும். ரொம்ப வருத்தமா இருக்கு" என்று சொல்லி, கையை நீட்டினார்.

அக்கா, மார்ச்சிலிருந்து கெல்லர்மன் எத்தனையோ தடவை என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தார். ஒரு தடவைகூட இதைச் சொல்லவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பையன் மழையில் தலை நனைய, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். இடது கையைக் கொடுக்கலாம். கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டலாம். ரெண்டுமே என் மனதில் வந்தது. செத்துப்போனவருக்காக ஒருவர் கை நீட்டினால் நம் வீட்டில் எப்படி வாங்குவோம்?

கையை எடுத்தேன். கைதவறி இல்லை அக்கா, தெரிந்தேதான் எடுத்தேன். அவர் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

போர்டு கதவோடு சறுக்கிக்கொண்டு போய்ச் சேற்றில் விழுந்தது. லோவரி அந்த வெறுங்கதவைப் பார்த்தார். பர்னெலின் உடுப்பைப் பார்த்தார். அதில் ஒரு பொட்டுப் பெயின்ட் இல்லை.

"இது யார் வண்டிம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கெல்லர்மனோடது."

"ஆளுங்க?"

"அவரோட ஆளுங்கதான். பேரு மட்டும்தான் எங்களோடது."

குனிந்து போர்டை எடுத்தேன். கோட்டுக் கையால் சேற்றைத் துடைத்தேன்.

கெல்லர்மன் என்னை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பர்னெல்தான் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். "இந்த உடுப்பு எனக்கே இருக்கட்டும்னு நெனைக்கறேன். யாருக்காவது கல்யாணம் வந்தா போட்டுக்கலாம்" என்றார். கொஞ்ச தூரம் நடந்ததும், "ஹோசியாவோட ஏணி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். அடித்தள அறையில்தான் இருக்கிறது என்றேன். சரி என்றார்.

பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். நகராட்சி வக்கீல் முன்னால் போய் நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

பிடித்துக்கொள் என்றீர்கள். நான் விட்டுவிட்டேன். உங்களை அந்த முன்பெஞ்சில் தலைகுனிய வைத்தேன். மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். ஏதாவது எழுதுங்கள், போதும்.

உங்கள் தம்பி பெண்சாதி,
வெர்டெல்


டெமொபொலிஸ்
நவம்பர் 24

வெர்டெல் பெண்ணுக்கு,

கர்த்தர் கிருபையால் மூச்சு ஓடுகிறது. இந்தக் கடிதம் உன்னைத் தூங்கிச் சாப்பிட்டு இருக்கிறவளாகக் காணட்டும். முழங்கால் அப்படியேதான். இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. கடைசித் தக்காளிச் செடியும் போயிற்று.

ஆண்டு விழாவுக்குப் போனேன். முன்பெஞ்சில் உட்கார்ந்தேன். பாஸ்டர் அவன் பேரைப் படித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. வாயையும் திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது எழுதவில்லை. ரூஃபஸ் மட்டும் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவன் பேச்சு யாருக்கு வேணும்?

வக்கீலிடம் போகும்போது தனியாகப் போகாதே. பர்னெலைக் கூட்டிக்கொண்டு போ. அந்தக் கல்யாண உடுப்பு வேண்டாம் என்று சொல்.

அந்த போர்டை என்ன செய்தாய்? எறிந்துவிடவில்லையே? சுருட்டினால் விரிசல் விழும் என்கிறார்கள். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துத் தபாலில் அனுப்பு. என் சமையலறை ஐஸ்பெட்டி பழசு, முழுக்க இரும்பு. ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன்.

விழவில்லை.

உன் அக்கா,
ஒஸ்ஸி மே பெட்டவே